வேளாண் கழிவு பெல்லட்டுக்குத் தரச்சான்று: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலைத்தோல், வைக்கோல், உமி, பருத்திமார், நார்க்கழிவு, மரத்தூள் என்று கிடைப்பதைத் தனியாகவோ கலந்தோ பெல்லட் (அழுத்திச் செய்த சிறு எரிபொருள் உருளை) அடிப்பவர்களும், அதை வாங்கி பாய்லரில் போடுபவர்களும் அடிக்கடி கேட்டவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஒன்றையொன்று சுட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. பெல்லட்டுன்னா பெல்லட் தானுங்களே? நல்லா எரியுதான்னு பாத்தா போதாதா?

எல்லா பெல்லட்டும் எரியும். எரிந்த பின் என்ன மிஞ்சுகிறது, குழாயில் என்ன படிகிறது, புகையோடு என்ன போகிறது என்பதில்தான் வேறுபாடு. பட்டை கலக்காத மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். நெல் உமியில் 15 முதல் 20 சதவீதம். நாளைக்கு 10 டன் எரிக்கும் பாய்லரில், மரத்தூள் என்றால் 100 கிலோவுக்கும் குறைவான சாம்பல். உமி என்றால் ஒன்றரை முதல் இரண்டு டன். அதை அள்ள ஆள் வேண்டும், கொட்ட இடம் வேண்டும்.

சாம்பல்கூடக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குளோரினும் பொட்டாசியமும் தெரியாது. அவை வேலையைக் காட்டும்போது குழாய் அரித்திருக்கும், தட்டில் கிளிங்கர் (சாம்பல் உருகி இறுகிய கட்டி) கட்டியிருக்கும். பெல்லட்டுக்குத் தர எண் கேட்பது முக்கியமாக இந்த இரண்டுக்காக.

2. தரநிலை, டெஸ்ட் ரிப்போர்ட், சான்றிதழ்... மூணும் ஒண்ணுதானே?

இல்லை. தரநிலை என்பது விதி: இந்த வகுப்புக்கு ஈரப்பதம் இவ்வளவு, சாம்பல் இவ்வளவு, அதை அளக்கும் முறை இது என்று எழுதி வைத்திருப்பது. டெஸ்ட் ரிப்போர்ட் என்பது நீங்கள் லேப்பில் கொடுத்த அந்தச் சில கிலோ சாம்பிளைப் பற்றிய தகவல். அடுத்த லோடைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சான்று என்றால், மில்லுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு நேரில் வந்து மூலப்பொருள் வரும் இடத்திலிருந்து லாரி ஏறும் இடம் வரை பார்த்து, தானே சாம்பிள் எடுத்து, வருடந்தோறும் திரும்ப வந்து, ‘இந்த மில் இந்த வகுப்பைத் தொடர்ந்து தர முடியும்’ என்று பொறுப்பேற்பது.

சோதனை செய்யும் லேப்புக்கான தகுதி விதி ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. பொருளுக்குச் சான்று தரும் அமைப்புக்கு 17065. இந்தியாவில் முதலாவதற்கு அங்கீகாரம் தருவது என்ஏபிஎல், இரண்டாவதற்கு என்ஏபிசிபி. லேப்புக்கு என்ஏபிஎல் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நிலக்கரிக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற லேப், பெல்லட்டையும் நிலக்கரி முறையில்தான் சோதிக்கும். அதனால் வரும் குழப்பத்தை 11-ஆம் கேள்வியில் பாருங்கள்.

3. எங்க மில்லுக்கு ஐஎஸ்ஓ 9001 இருக்கே. அது பத்தாதா?

அது நிர்வாக முறைக்கான சான்று. பதிவேடு வைக்கிறீர்களா, புகார் வந்தால் கவனிக்கிறீர்களா என்பதைப் பார்க்கும். பெல்லட்டில் சாம்பல் எத்தனை என்பது அதன் எல்லைக்குள் வராது. அது இருப்பது நல்லது, பொருளின் தரத்துக்கு மட்டும் அதைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

4. அப்ப எந்தத் தரநிலையைப் பாக்கணும்? மரத்துக்கு ஒண்ணு, வைக்கோலுக்கு ஒண்ணா?

ஆமாம். திட உயிர்ம எரிபொருளுக்கு உலக அளவில் இருப்பது ஐஎஸ்ஓ 17225 வரிசை. அதில் பகுதி 1 பொது விதி. பகுதி 2 மர பெல்லட். நமக்கு வேண்டியது பகுதி 6: புல், வைக்கோல் வகைகள், பழம் கொட்டை தோல் வகைகள், நீர்த்தாவரங்கள், இவற்றின் கலவைகள் எல்லாம் இதற்குள் வரும். ஐரோப்பாவில் முன்பு இருந்த ஈஎன் 14961-6 என்ற தரநிலையின் இடத்தில் இது 2014-இல் வந்தது. 2021-இல் திருத்திய பதிப்பும் வந்திருக்கிறது.

மரத்தூளோடு கொஞ்சம் வைக்கோலோ கடலைத்தோலோ சேர்த்துவிட்டால் அந்தப் பெல்லட் பகுதி 2-ஐ விட்டு வெளியே வந்துவிடும். பகுதி 6-இல்தான் வகைப்படுத்த வேண்டும். ‘முக்கால்வாசி மரம்தான்’ என்று சொல்லி மர பெல்லட் வகுப்பை எழுதுவது தவறு.

5. ‘ஏ’ கிளாஸ், ‘பி’ கிளாஸ்னு சொல்றாங்களே, அதுல என்ன நம்பர் இருக்கு?

பகுதி 6-இன் 2014 பதிப்பில் பொதுவான வேளாண் பெல்லட்டுக்கும் கலவைக்கும் இரண்டு வகுப்புகள். ‘ஏ’ வகுப்புக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள், சாம்பல் 6-க்குள், நைட்ரஜன் 1.5-க்குள், கந்தகம் 0.20-க்குள், குளோரின் 0.10-க்குள் இருக்க வேண்டும். உறுதித்தன்மை (13-ஆம் பதிலைப் பாருங்கள்) 97.5-க்குக் குறையக் கூடாது, தூள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘பி’ வகுப்பில் ஈரம் 15, சாம்பல் 10, நைட்ரஜன் 2.0, கந்தகம் 0.30, குளோரின் 0.30, உறுதித்தன்மை 96.0, தூள் 3. இரண்டுக்கும் நிகர வெப்பம் (10-ஆம் பதிலைப் பாருங்கள்) கிலோவுக்கு 14.5 மெகாஜூல், அதாவது சுமார் 3,460 கிலோ கலோரி குறைந்தபட்சம். மொத்த அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ. ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் உள்ளிட்ட கன உலோகங்களுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு.

வைக்கோலுக்கும் சில புல் வகைகளுக்கும் அதே தரநிலையில் தனி அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘ஐஎஸ்ஓ 17225-6’ என்று மட்டும் எழுதாமல் எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த வகுப்பு என்பதையும் எழுதுங்கள்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று. ஒன்பது எண் ‘ஏ’-வுக்குப் பொருந்தி ஒன்று மட்டும் தாண்டினாலும் மொத்தப் பெல்லட்டும் ‘பி’ ஆகிவிடும். சராசரி பார்க்கும் வழக்கம் இங்கே இல்லை.

6. என்பிளஸ் முத்திரை போட்டா வெளிநாட்டுல மதிப்பாமே. எங்க கடலைத்தோல் பெல்லட்டுக்குக் கிடைக்குங்களா?

கிடைக்காது. என்பிளஸ் 2010-இல் ஜெர்மனியில் தொடங்கி ஐரோப்பா முழுக்கப் பரவிய சான்றுத் திட்டம். அது ஐஎஸ்ஓ 17225-2-ஐ அடிப்படையாகக் கொண்டது, மர பெல்லட்டுக்கு மட்டுமே உரியது. அதன் உயர் வகுப்பில் சாம்பல் 0.7 சதவீதம்தான் உச்சம். வீட்டு அடுப்புக்கும் சிறு கொதிகலனுக்கும் பெல்லட் விற்கும் சந்தை அது. அங்கே வாங்குபவர் வாரம் ஒருமுறைகூடச் சாம்பல் தட்டை எடுக்க விரும்ப மாட்டார்.

வேளாண் பெல்லட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஐரோப்பாவில் முயற்சி நடந்திருக்கிறது. லைப்சிக்கில் உள்ள ஜெர்மன் உயிர்ம ஆய்வு மையம் ஒருங்கிணைத்த மிக்ஸ்பயோபெல்ஸ் திட்டம் கலப்பு பெல்லட்டுகளுக்கென்றே நடத்தப்பட்டது. மத்தியதரைக் கடல் பக்கத்து நாடுகளுக்காக ஸ்பெயினில் வளர்ந்த பயோமசூத் முத்திரை, மர எரிபொருளோடு ஆலிவ் கொட்டை, பாதாம் ஓடு போன்றவற்றையும் ஏற்கிறது. ஆனால் மரத்துக்கு என்பிளஸ் பிடித்த இடத்தை வேளாண் பொருளுக்கு எந்த முத்திரையும் இன்னும் பிடிக்கவில்லை. காரணம் புரியக்கூடியதுதான். மரம் என்றால் ஏறக்குறைய ஒரே பொருள். வேளாண் கழிவு ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும்.

7. எங்க ஊர் வைக்கோல், உமி பெல்லட் ரெண்டு கிளாஸ்லயும் வரமாட்டேங்குதே. அப்ப விக்கக் கூடாதா?

தாராளமாக விற்கலாம். நெல் வைக்கோலில் சாம்பல் பெரும்பாலும் 12 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும், அதனால் ‘பி’ வகுப்பின் 10-க்குள் அடங்காது. அதற்காக அது எரிபொருள் இல்லை என்றாகிவிடாது. ஐஎஸ்ஓ 17225-1 பொது விதிப்படி ஒவ்வொரு பண்பையும் தனித்தனியே அறிவித்து விற்க வழி இருக்கிறது. சாம்பல் 10 சதவீதத்துக்கு மேல் என்றால் உண்மையான எண்ணை எழுத வேண்டும். வாங்குபவரின் உலை அதைத் தாங்குமா என்று அவர் முடிவு செய்வார்.

வகுப்புக்குள் வராத பெல்லட்டை நேர்மையாக எண்ணோடு விற்பவரை, வகுப்பின் பெயரை மட்டும் போட்டு விற்பவரைவிட நான் நம்புவேன். அகலமான தட்டும் தானாகச் சாம்பல் தள்ளும் அமைப்பும் உள்ள பாய்லருக்கு 15 சதவீதச் சாம்பல் பெரிய சங்கடம் இல்லை. 5 சதவீதம் என்று நம்பி வாங்கியவருக்கு 15 வந்து நின்றால்தான் சங்கடம்.

8. மரத்தூளோட வைக்கோல் கலந்தா சாம்பல் இறங்கிடுது. அப்ப ‘ஏ’ கிளாஸ் கிடைச்சிரும்ல?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரத்தூளில் சாம்பல் 1, குளோரின் 0.01 சதவீதம் என்று வையுங்கள். வைக்கோலில் சாம்பல் 15, குளோரின் 0.5. எல்லாம் உலர் எடையில். 70 பங்கு மரத்தூள், 30 பங்கு வைக்கோல் கலந்தால் சாம்பல் 0.7 + 4.5 = 5.2 சதவீதம். ‘ஏ’ வகுப்பின் 6-க்குள் வந்துவிட்டது. குளோரினைப் பாருங்கள்: 0.007 + 0.15 = ஏறக்குறைய 0.16. ‘ஏ’ வகுப்பின் வரம்பு 0.10. ஆகவே 5-ஆம் பதிலில் சொன்னபடி இந்தக் கலவை ‘பி’தான். குளோரினை 0.10-க்குள் நிறுத்த வேண்டுமானால் வைக்கோலின் பங்கு 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சாம்பல், நைட்ரஜன், கந்தகம், குளோரின் எல்லாம் இப்படிப் பங்கு வாரியாகக் கூட்டிப் பார்க்கக்கூடியவை. அதனால் கலப்பதற்கு முன் ஒவ்வொரு மூலப்பொருளையும் தனித்தனியாக ஒருமுறை சோதித்து வைத்துக்கொண்டால், எந்த விகிதம் எந்த வகுப்பில் விழும் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும். டை (பெல்லட்டைப் பிதுக்கி எடுக்கும் துளைத்தகடு) தேய்ந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தரநிலை இன்னொன்றும் பிரித்துச் சொல்கிறது. நீங்களே விகிதம் வைத்து வேண்டுமென்றே கலந்தது ஒரு வகை. களத்தில், குடோனில் தானாகக் கலந்து போனது வேறு வகை. முதலாவதற்கு விகிதத்தை எழுத முடியும். இரண்டாவதற்குச் சான்று வாங்குவது மிகவும் கடினம், ஏனென்றால் நேற்றைய குவியலும் இன்றைய குவியலும் ஒன்றாக இருக்காது. கலப்பு பெல்லட் மில்லுக்கு வரும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது மூலப்பொருள் தனித்தனி மேடையில் கிடக்கிறதா என்பதைத்தான்.

9. கணக்கெல்லாம் சரியா இருந்தும் பாய்லர்ல கிளிங்கர் கட்டுதே, ஏன்?

சாம்பல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். சாம்பல் எந்தச் சூட்டில் உருகும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு பொருளின் சாம்பல் தனித்தனியே உருகும் வெப்பத்தைவிட, சேர்ந்தபின் உருகும் வெப்பம் குறைவாக இருக்கலாம். பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கண்ணாடி மாதிரி இளகும். உமியில் சிலிக்கா மிக அதிகம், பொட்டாசியம் குறைவு. தனியாக எரித்தால் அதன் சாம்பல் எளிதில் உருகாது. அதோடு பொட்டாசியம் மிகுந்த ஒரு தட்டையையோ தண்டையோ சேர்த்தால் கதை மாறிவிடும். ஆகவே கலவையைத்தான் சோதிக்க வேண்டும், கூறுகளை அல்ல. இதற்கான முறை ஐஎஸ்ஓ 21404. சாம்பல் சுருங்கத் தொடங்கும் வெப்பம், உருவம் குலையும் வெப்பம், அரைக்கோளமாகும் வெப்பம், ஓடும் வெப்பம் என நான்கு எண் வரும். உருவம் குலையும் வெப்பத்தை உங்கள் தட்டின் சூட்டோடு ஒப்பிடுங்கள்.

கயோலின் களிமண், சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து உருகு வெப்பத்தை உயர்த்தலாம். ஆனால் சேர்க்கும் களிமண் அத்தனையும் சாம்பல் கணக்கில் ஏறும். சேர்மானத்தின் பெயரும் அளவும் அறிவிக்கப்பட வேண்டும். ‘ஏ’ வகுப்பில் மொத்தச் சேர்மானம் 5 சதவீதத்துக்குள்.

அறுவடைக்குப் பின் மழையில் நனைந்து வெளுத்த வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் கரைந்து குறைந்திருக்கும். ஒரே வயல் வைக்கோல் ஒரு வருடம் நன்றாகவும் அடுத்த வருடம் மோசமாகவும் எரிவதற்கு இது முக்கியக் காரணம். பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புதிய பருவத்து வைக்கோலை விற்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

10. எங்க லேப்ல 4,000 ஜிசிவி வந்துச்சு. வாங்குறவர் 3,300-னு சொல்றார். யார் சொல்றது பொய்?

பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. 4,000 என்பது முழுக்க உலர்த்திய சாம்பிளின் மொத்த வெப்பம் (ஜிசிவி என்பது இதுதான், கிலோவுக்குக் கிலோ கலோரியில்) என்று வையுங்கள். லாரியில் வந்த பெல்லட்டில் 10 சதவீதம் ஈரம் இருந்தால், வந்த நிலையில் அதே மொத்த வெப்பம் 3,600. இனி நிகர வெப்பத்துக்கு வாருங்கள். பெல்லட்டில் சுமார் 6 சதவீதம் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகி ஆவியாகப் போகும்போது எடுத்துப்போகும் சூடு, உலர் நிலையில் கிலோவுக்குச் சுமார் 300 கிலோ கலோரி. அதையும் ஈரம் ஆவியாகும் சூட்டையும் கழித்தால், வந்த நிலையில் நிகர வெப்பம் ஏறக்குறைய 3,270. ஒரே பெல்லட், மூன்று எண்கள்.

ஐஎஸ்ஓ வகுப்பு பேசுவது இந்தக் கடைசி எண்ணை. 3,270 என்றால் 13.7 மெகாஜூல், 14.5-ஐத் தொடவில்லை. ‘4,000 ஜிசிவி சரக்கு’ என்று பெருமையாகச் சொல்லப்படும் பெல்லட் வகுப்புக்கே வராமல் போகலாம். விலை பேசும்போது மொத்தமா நிகரமா, உலர் நிலையா வந்த நிலையா என்ற நான்கு வார்த்தையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதித் தகராறு வராது.

11. சாம்பலும் ரெண்டு லேப்ல ரெண்டு விதமா வருதே, அதுக்கும் ஈரம்தான் காரணமா?

ஈரம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் உலையின் சூடு. உயிர்ம எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 18122 சாம்பலை 550 டிகிரி செல்சியஸில் அளக்கச் சொல்கிறது. நிலக்கரி முறையில் 815 டிகிரி. அந்தச் சூட்டில் பெல்லட் சாம்பலில் உள்ள கார்பனேட்டுகள் சிதைந்து வாயுவாகும், பொட்டாசியமும் குளோரினும் கொஞ்சம் பறந்துவிடும். மிஞ்சும் சாம்பலின் எடை குறைவாக வரும். விற்பவருக்கு இனிப்பான எண், ஆனால் தரநிலைப்படி செல்லாது. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் முறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

12. சாம்பிள்னா ஒரு கை அள்ளி கவர்ல போட்டுக் கொடுத்தா போதாதுங்களா?

போதாது. லாரி குலுங்கி வரும்போது தூள் அடியில் இறங்கிவிடும். மேலே அள்ளினால் முழு பெல்லட்டாக வரும், அடியில் அள்ளினால் தூளாக வரும். ஐஎஸ்ஓ 18135 சொல்வது, முடிந்தால் பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது கன்வேயரிலிருந்து விழும் இடத்தில், ஓட்டத்தின் முழு அகலத்தையும் பிடித்துப் பல தடவை எடுக்க வேண்டும் என்று. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நன்றாகக் கலந்து, நாலாகப் பகுத்து எதிரெதிர் பங்கை எடுத்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

கடைசியில் மூன்று பங்கு: ஒன்று விற்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று இருவர் கையெழுத்தோடு சீல் வைத்து நடுவருக்கு. காற்றுப் புகாத பையில் வைக்காவிட்டால் ஈரப்பத எண் அப்போதே கெட்டுவிடும்.

13. டியூரபிலிட்டி 97.5-னா என்னங்க? எங்களுக்கு 94-தான் வருது, டை போச்சா?

500 கிராம் சலித்த பெல்லட்டை ஒரு பெட்டியில் போட்டு, நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 500 சுற்று சுழற்றுவார்கள். பிறகு 3.15 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்பது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அதுதான் உறுதித்தன்மை, முறை ஐஎஸ்ஓ 17831-1. ஏற்றி இறக்கும்போது எவ்வளவு தூளாகும் என்பதற்கு இதுவே அறிகுறி.

டையைக் குறை சொல்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். உள்ளே போகும் தூளின் ஈரம் சீராக இருக்கிறதா? அரைப்பு போதுமான நைஸா? கூலரில் நன்றாக ஆறிய பிறகுதான் மூட்டை பிடிக்கிறீர்களா? கலப்பு பெல்லட்டில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. மரத்தூளுக்கு ஏற்ற துளை ஆழம் வைக்கோலுக்குப் பொருந்தாது. விகிதத்தை அடிக்கடி மாற்றும் மில்லில் உறுதித்தன்மை நிலையாக நிற்காது.

14. பைண்டர் போடலாமா?

போடலாம். பெல்லட் உதிராமல் பிடிக்கும் ஒட்டுப்பொருளாக மாவுப்பொருள், மொலாசஸ் போன்றவை வழக்கத்தில் இருப்பவைதான். 9-இல் சொன்ன 5 சதவீத வரம்பும் அறிவிக்கும் கடமையும் இதற்கும் பொருந்தும். மொலாசஸில் பொட்டாசியம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

15. பிளைவுட் தூள், எம்டிஎஃப் தூள் சல்லிசா கிடைக்குது. கொஞ்சம் சேத்தா யாருக்குத் தெரியப் போகுது?

சோதனையில் தெரியும். இந்தப் பலகைகளை ஒட்டும் பசையில் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடால் நைட்ரஜன் எகிறும். பெயின்ட் அடித்த மரம் என்றால் ஈயம், துத்தநாகம் போன்ற உலோக எண்கள் காட்டிக்கொடுக்கும். பிவிசி ஒட்டிய பலகை, சாக்குத் துண்டு, பிளாஸ்டிக் கலந்தால் குளோரின் ஏறும். பிளாஸ்டிக் கலந்த பொருள் உயிர்ம எரிபொருளாகவே கருதப்படாது; அதற்கு ஐஎஸ்ஓ 21640 என்ற வேறு தரநிலை, வேறு அனுமதி, வேறு புகைக் கட்டுப்பாடு.

தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பாய்லர் முன்னால் நிற்கும் தொழிலாளி. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இல்லை.

16. கடலைத்தோல்ல சாம்பல் ஒரு தடவை 3, ஒரு தடவை 9 வருது. தோல் அப்படித்தானா?

தோல் அப்படி இல்லை, மண் அப்படி. களத்தில் கூட்டி அள்ளும்போது மண்ணும் சேர்ந்து வருகிறது. சுழலும் சல்லடை டிரம்மில் ஒருமுறை விட்டு எடுத்தால் எண் இறங்கும், டையும் ரோலரும் கூடுதல் நாள் உழைக்கும். எல்லா வேளாண் கழிவுக்கும் செலவு குறைந்த தர உயர்வு இதுதான். நார்க்கழிவுக்கும் பருத்திமாருக்கும்கூட இது பொருந்தும்.

17. அனல்மின் நிலையத்துக்குக் கொடுக்கணும். ஐஎஸ்ஓ வகுப்பு இருந்தா எடுத்துக்குவாங்களா?

அவர்கள் பார்ப்பது டெண்டரில் உள்ள தொழில்நுட்ப விவரக்குறிப்பை. மத்திய மின்துறை 2017 நவம்பரில் நிலக்கரியோடு 5 முதல் 10 சதவீதம் உயிர்ம பெல்லட் கலந்து எரிக்கலாம் என்று கொள்கை அறிவித்தது. 2021 அக்டோபர் 8 திருத்தத்தில் அது கட்டாயமானது. இதை நடத்த அமைந்த தேசிய இயக்கம்தான் ‘சமர்த்’. வட மாநிலங்களில் நெல் வைக்கோல் எரிப்பைக் குறைப்பது இதன் முதன்மை நோக்கம். விலை 1,000 கிலோ கலோரிக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால் 10-ஆம் பதிலில் உள்ள கணக்கு நேராகப் பணத்தைத் தொடும்.

நிலக்கரி அரைக்கும் ஆலையின் வகையும் முக்கியம். உருண்டையும் குழாயும் கொண்ட ஆலை (பால் அண்ட் டியூப் மில்) உள்ள நிலையங்களுக்கு 2021 கொள்கை சாதாரணப் பெல்லட்டை ஏற்கவில்லை. வறுத்த பெல்லட் (காற்று அதிகம் படாமல் சூடேற்றிக் கருக்கிய டோரிஃபைடு பெல்லட்), அதுவும் ஆவியாகும் பொருள் 22 சதவீதத்துக்குக் கீழே இருப்பது வேண்டும் என்றது. சாதாரண வேளாண் பெல்லட்டில் அந்த எண் அதைப்போல் சுமார் மூன்று மடங்கு. உங்கள் மில்லில் வறுக்கும் உலை இல்லையென்றால் அந்த டெண்டருக்குப் போக வேண்டாம்.

18. சான்று வாங்கின பெல்லட், மழைக்காலத்துல குடோன்ல பொங்கிப் போச்சு. யார் பொறுப்பு?

மில்லை விட்டுப் புறப்படும் வரைக்கும்தான் உற்பத்தியாளர் சான்று பேசும். என்பிளஸ் போன்ற திட்டங்களில் வியாபாரிக்கும் தனிச் சான்று இருப்பது இதனால்தான். ஈரம் ஏறுவது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு: உலர் நிலையில் நிகர வெப்பம் 17 மெகாஜூல் உள்ள வைக்கோல் பெல்லட், 10 சதவீத ஈரத்தில் 15.1 தரும். 15 சதவீதத்தில் 14.1 ஆகி வகுப்பை விட்டு விழுந்துவிடும்.

மூடிய குடோனில் பெல்லட் குவியல் கார்பன் மோனாக்சைடு விடக்கூடும். ஐரோப்பாவில் பெல்லட் கிடங்குகளில் உயிர் போயிருக்கிறது. உள்ளே இறங்குமுன் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

19. ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பத் தரச்சான்று போதுமா?

தரச்சான்று எரிபொருள் எப்படி எரியும் என்பதைச் சொல்லும். அது எங்கிருந்து வந்தது, எந்த நிலத்துக்கு என்ன ஆனது, எவ்வளவு கார்பன் செலவானது என்பது நிலைத்தன்மைச் சான்றின் வேலை. மரத்துக்கு எஸ்பிபி, வேளாண் கழிவுக்கும் சேர்த்து ஐஎஸ்சிசி போன்ற திட்டங்கள் இருக்கின்றன. பெரிய மின் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் கேட்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

20. எங்களுது சின்ன மில்லு. சான்றுக்குச் செலவழிக்க வழியில்ல. என்ன பண்றது?

சான்றுத் தணிக்கைக்கு வருபவர் மில்லில் எதிர்பார்ப்பதை நீங்களே செய்யத் தொடங்கலாம். ஒரு ஷிப்டுக்கு ஒருமுறை ஈரப்பதம், மொத்த அடர்த்தி, தூள், உறுதித்தன்மை நான்கையும் பாருங்கள். ஈரத்துக்கு 105 டிகிரி ஓவனும் நல்ல தராசும் போதும். அடர்த்திக்கு 5 லிட்டர் பாத்திரம். உறுதித்தன்மைப் பெட்டியின் உள்ளளவு 300க்கு 300க்கு 125 மி.மீ., உள்ளே ஒரு தடுப்புத் தகடு. அளவைக் கொடுத்தால் ஊரில் உள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே செய்து தருவார்கள்.

சாம்பல், குளோரின், நைட்ரஜன், சாம்பல் உருகு வெப்பம் இவற்றுக்கு வெளி லேப்தான். மாதம் தவறாமல் அனுப்புவதைவிட மூலப்பொருளோ விகிதமோ பருவமோ மாறும்போதெல்லாம் அனுப்புங்கள். கையில் காசு ஒரே ஒரு சோதனைக்குத்தான் இருக்கிறது என்றால், 8-இல் சொன்ன காரணத்தால், கலவையின் குளோரினைப் பார்க்கச் சொல்வேன்.

21. எல்லாம் சரியாப் பண்ணியும் பார்ட்டி லோடை ரிஜெக்ட் பண்ணிட்டா?

12-இல் சொன்ன மூன்றாவது சீல் சாம்பிள் இந்த நாளுக்காகத்தான். இருவரும் ஒப்பந்தத்திலேயே ஏற்றுக்கொண்ட மூன்றாவது லேப் அதைச் சோதிக்கும், அதன் எண் இருவரையும் கட்டுப்படுத்தும், செலவு தோற்றவர் தலையில். சிறு வேறுபாடுகளுக்குச் சண்டை வேண்டாம். ஒரே சாம்பிளை இரண்டு நல்ல லேப்கள் சோதித்தாலும் எண் கொஞ்சம் விலகும்; ஒவ்வொரு சோதனை முறையிலும் அனுமதிக்கப்பட்ட விலகல் எழுதியிருக்கிறது.

மொத்த லோடையும் திருப்புவதா, எண்ணுக்கு ஏற்ப விலையைக் குறைப்பதா என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஈரம், வெப்பம், சாம்பல் இவற்றுக்கு விலைக் குறைப்பு நியாயம். குளோரினுக்கும் கன உலோகத்துக்கும் திருப்பி அனுப்புவதுதான் நியாயம், ஏனென்றால் பாய்லர் குழாய்க்கு ஏற்படும் சேதத்தை டன்னுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி ஈடுகட்டாது. இந்த ஷரத்தை விற்பவரே முன்வந்து எழுதினால், வாங்குபவர் அடுத்த ஆர்டரையும் அங்கேயே கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.